வெட்டப்பட்ட நான்கு பக்கங்கள்

9 பெப்ரவரி 2025, ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து மீன் கழுவிக்கொண்டிருந்தபோது கிங்ஸ்பரியிலிருந்து குமுதினி அக்கா தொலைபேசி எடுத்தார். எங்கள் லண்டன் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் இருபத்தைந்தாவது ஆண்டு மலருக்கு அவர்தான் ஆசிரியர்.

"பெனிற்றா, நாலு பக்கம் தாறன். உம்மட பிரேசில்காரனைப் பற்றி எழுதித் தாரும். எங்கட பெடியள் ஜூலையில பாரிசுக்கு விளையாடப் போகினம். அந்த மனுசனும் பாரிசில விளையாடினவர் எண்டு நீர்தானே சொன்னனீர்?"

ஓம், சொன்னேன். 1925 மார்ச்சில் சாவோ பாவுலோவிலிருந்து ஒரு கழகம் கப்பலேறி வந்து பிரெஞ்சுக்காரருக்கு ஏழு கோல் போட்டது. அந்த அணியின் முன்கள வீரர் ஆர்தர் ஃப்ரீடன்ரைஷ். மெலிந்த உடம்பு, பச்சைக் கண். வரும் மாதத்தோடு சரியாக நூறு வருடம்.

பஸ் ஓட்டுகிறவளுக்கு மலரில் நாலு பக்கம்! அருள்நேசனிடம் சொன்னேன். அவர் கழகத்தின் செயலாளர், என் கணவர். "நல்லம்" என்றார். அவருடைய சந்தோசத்துக்கு அதைவிட நீளமான சொல் கிடையாது.

13 பெப்ரவரி

தோர்ண்டன் ஹீத் மணிக்கூட்டடியில் பதினொரு நிமிடம் பஸ் அசையவில்லை. பின்னால் சனம் கத்தியது. எனக்கு முதல் வரி கிடைத்தது: "அவர் எப்போதும் கடைசியாகத்தான் மைதானத்துக்கு வந்தார்."

23 பெப்ரவரி, ஞாயிறு

ஏன் கடைசியாக?

தகப்பன் ஜெர்மன் வழி வந்தவர். தாய் கறுப்பினப் பெண். அடிமைகளாக இருந்து விடுதலையானவர்களின் வழி. பிரேசிலில் அடிமைமுறையை ஒழித்து நாலு வருடத்தில் இவர் பிறந்தார். அந்தக் காலத்தில் அங்கே உதைபந்து வெள்ளைக்காரக் கனவான்களின் விளையாட்டு. தகப்பனின் பெயர் கதவைத் திறந்துவிட்டது, தலைமயிர் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மற்றவர்கள் இறங்கிய பிறகும் இவர் உள்ளே இருந்து எண்ணெய் தடவி, சூடான துவாயைத் தலையில் சுற்றி, சுருளை நீவித் தட்டையாக்கிக்கொண்டுதான் வெளியே வருவாராம்.

இதை நான் முதலில் வாசித்தது சூரிச்சில், ஒரு ஹோட்டலின் சலவை அறையில், யாரோ விட்டுப்போன ஜெர்மன் சஞ்சிகையில். எனக்குப் பத்தொன்பது வயது. அன்றைக்குச் சிரித்தேன்.

இன்றைக்கு எழுதும்போது சிரிப்பு வரவில்லை. என் தம்பி சுஜீத் முதன்முதல் கழகத்துப் பயிற்சிக்குப் போனபோது யாரோ, "தம்பி, ஊரில எவடம்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் எங்கள் கோயில் பங்கைச் சொல்லாமல் பக்கத்துப் பங்கைச் சொல்லியிருக்கிறான். கேட்டவர் அடுத்த மூன்று கேள்வியில் பிடித்துவிட்டார். எங்கள் அப்பா பனை ஏறியவர். அருள்நேசனின் ஆட்கள் பனை நின்ற காணிக்காரர். எங்கள் கலியாணத்துக்கு மாமி வரவில்லை.

லண்டனில் ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. "அவை வேற பக்கம்" என்பார்கள். எந்தப் பக்கம் – வடக்கா, தெற்கா? நானாவது எழுதிவைக்கிறேன்: சாதி.

போன வருடம் சுஜீத் கழகத்துக்கு முப்பத்தொரு கோல் அடித்தான். அவனுக்கு அடுத்தவன் பன்னிரண்டு. பாரிசுக்குப் போன அணியில் அவன் பெயர் இல்லை. "பயிற்சிக்கு ஒழுங்காக வரவில்லை" என்றார்கள். மழைக்கும் போனவன் அவன்.

சரி. நான் எழுதுவது பிரேசிலைப் பற்றி.

8 மார்ச், சனி

நாள் முழுக்க நூலகம். 1914இல் எக்ஸ்ற்றர் சிற்றி என்ற இங்கிலாந்துக் கழகம் பிரேசிலுக்குப் போய் ஆடியபோது அவருக்கு இரண்டு பல் போனது என்கிறார்கள். ஆட்டத்தை விட்டு அவர் போகவில்லையாம். நான் பார்த்த அந்தக் காலப் பத்திரிகைகளில் பல்லைப் பற்றி ஒரு வரி இல்லை. வென்றவரின் பல்லைப் பற்றித் தோற்றவர் ஏன் எழுதப்போகிறார்?

பெரிய சிக்கல் கோல் கணக்கு. ஆயிரத்து முந்நூற்று இருபத்தொன்பது என்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அதற்கு ஆதாரமாக எழுதிவைத்த கொப்பிகளை இன்று யாரும் காட்டமுடியாது. பிறகு வந்த ஆய்வாளர்கள் ஒவ்வோர் ஆட்டமாகத் தேடிப் பார்த்ததில் ஐந்நூற்றைம்பது சொச்சம்தான் நிற்கிறது.

கொஞ்சம் ஏமாற்றம். பிறகு யோசித்தேன்: ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு கோல்! இதற்கு மேலும் என்ன வேண்டும்? பொய்யைச் சேர்த்துப் பெரிதாக்கினால், உள்ளதையும் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஐந்நூற்றைம்பது சொச்சம் என்றே போடுகிறேன்.

15 மார்ச், சனி

முடித்துவிட்டேன். மூன்றாம் பக்கம்தான் கழுத்தை நெரித்தது. 1919இல் தென்னமெரிக்கக் கிண்ணத்துக்காக உருகுவேக்கு எதிரான இறுதி ஆட்டம், மேலதிக நேரம், ஒரே ஒரு கோல் – அவருடையது. அந்தக் கோல் அடித்த சப்பாத்தை நகைக்கடைக் கண்ணாடிக்குள் வைத்துச் சனத்துக்குக் காட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து 1921இல் அதே கிண்ணம் ஆர்ஜென்ரினாவில். அணியில் அவர் இல்லை. வெள்ளையர் அல்லாதவர் நாட்டுக்காக வெளியே போய் ஆடவேண்டாம் என்று ஜனாதிபதியே சொன்னதாகத்தான் பலரும் எழுதியிருக்கிறார்கள். நானும் அப்படியே எழுதினேன். அடியில் என் சொந்த வரி ஒன்று:

"சப்பாத்துக்குக் கண்ணாடிப் பெட்டி கிடைத்தது, அதைப் போட்டவருக்குக் கப்பலில் இடம் கிடைக்கவில்லை."

சுஜீத்தின் பெயர் இல்லை. கழகத்தின் பெயர் இல்லை. லண்டன் என்ற சொல்கூட இல்லை. அனுப்பிவிட்டேன்.

23 மார்ச், ஞாயிறு

குமுதினி அக்கா எடுத்தார். குரல் சரியில்லை.

"நல்லாய் எழுதியிருக்கிறீர். ஆனா... எங்கட தலைவர் சண்முகராசா அண்ணை ரெண்டு திருத்தம் கேக்கிறார். கோல் கணக்கை ஆயிரத்து முந்நூறு எண்டு போடட்டாம். மற்றது அந்த இருபத்தொராம் ஆண்டு விசயம் – அது மலருக்குத் தேவையில்லையாம்."

"ஏனாம் அக்கா?"

"கொண்டாட்ட நேரத்தில ஆரையும் குத்திற மாதிரி இருக்கக்கூடாது எண்டுறார்."

"பிரேசில் ஜனாதிபதி எங்கட மலர் வாசிக்கிறவரோ?"

அக்கா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

24 மார்ச்

அடிக்காத கோலைச் சேர்க்கட்டாம். நடந்த அநியாயத்தை எடுக்கட்டாம். மாட்டேன். மாட்டேன். மாட்டேன்.

30 மார்ச், ஞாயிறு

சண்முகராசா அண்ணை வீட்டுக்கே வந்தார். கழகத் தலைவர், மூன்று கடைக்காரர். ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுவந்தார். அவர் கெட்ட மனுசன் என்று எழுத என் கை வராது. சூரிச்சிலிருந்து நாங்கள் வந்த புதிதில் வீடு எடுக்கப் பிணைக் கையெழுத்து வைத்தவர் அவர்தான்.

தேத்தண்ணி குடித்து முடித்துத்தான் தொடங்கினார்.

"பிள்ளை, நீர் நல்லாய் எழுதுவீர். ஒரு பந்தி எடுக்கிறதில என்ன குறைஞ்சு போகுது?"

"அந்தப் பந்தியில பிழை இருக்கோ அண்ணை?"

"பிழை இருக்கெண்டு ஆர் சொன்னது? இப்ப ஏன் அது எண்டு கேக்கிறன்."

"அந்த ஆளின்ர வாழ்க்கையில அது நடந்தது. எழுதத்தானே வேணும்."

"ஆக்கள் வேற மாதிரி விளங்குவினம்."

"வேற மாதிரி எண்டால் எப்பிடி?"

அவர் மாம்பழப் பெட்டியைத் தள்ளி வைத்தார். நான் விடவில்லை.

"நான் நூறு வருசத்துக்கு முந்தின பிரேசிலை எழுதினனான். அதை வாசிச்சு உங்களுக்கு ஏன் சுடுது?"

முகம் கறுத்துவிட்டது. "உங்களுக்கு நான் என்ன குறை விட்டனான், பிள்ளை?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கும் வலித்தது. "ஒரு குறையும் விடேல்லை அண்ணை. எனக்கு வீடு எடுத்துத் தந்தனீங்கள். என்ர தம்பிக்கு அணியில இடம் தரேல்லை. ரெண்டும் உண்மைதானே" என்றேன்.

"அப்ப கட்டுரை வராது."

"முழுக்கப் போடுங்கோ, இல்லாட்டி போடாதேங்கோ."

இவ்வளவு நேரமும் அருள்நேசன் கதிரையில் இருந்தபடி தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை? ஒரு இருமல்? இல்லை.

31 மார்ச்

அருள்நேசனிடம் கேட்டேவிட்டேன். "போன வருசம் அணி தெரிவு செய்த கூட்டத்தில நீங்கள் இருந்தனீங்களோ?"

"ஓம்."

"சுஜீத் பயிற்சிக்கு வரேல்லை எண்டு ஆர் எழுதினது?"

எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு: "செயலாளர்தானே கூட்டக் குறிப்பு எழுதிறது."

அவர் எழுதியது! அவருடைய கையெழுத்து! அந்தக் கையால்தான் எனக்குப் பிறந்தநாள் அட்டை எழுதுகிறார். "அவை சொல்லச் சொல்ல எழுதினனான், பெனிற்றா. நான் முடிவெடுக்கேல்லை" என்றார். "பேனை உங்கட கையில இருந்ததோ இல்லையோ?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்தாள். பார்க்கட்டும்.

பதினாறு வருடக் கலியாணம். இந்த மனுசன் மாமியை எதிர்த்து என்னைக் கட்டியவர். அந்த நெஞ்சு எங்கே போனது? ஒரு தடவை காட்டினால் வாழ்க்கைக்குப் போதும் என்று நினைத்துவிட்டாரோ?

2 ஏப்ரல்

அவருடைய சாப்பாட்டை அவரே சூடாக்கிக்கொள்கிறார்.

18 ஏப்ரல், பெரிய வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாகனத் தரிப்பிடத்தில் சுஜீத் என்னைப் பிடித்துக்கொண்டான். கட்டுரையைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, ஆர் உன்னை எழுதச் சொன்னது? எனக்காக ஒருத்தரும் கெஞ்சத் தேவையில்லை."

"உன்ர பேரே அதில இல்லை."

"இல்லாட்டி என்ன? வாசிக்கிறவை என்னைத்தான் பாப்பினம். ஐயோ பாவம் எண்டு பாப்பினம். எனக்கு அது வேண்டாம். நான் கோல் அடிக்கிறன், அது காணும்."

முப்பத்து மூன்று வயது ஆம்பிளை. கண் கலங்கி நின்றான். கைத்தொலைபேசியில் கட்டுரையைத் திறந்து கொடுத்தேன். காரில் சாய்ந்து நின்று நாலு பக்கமும் வாசித்தான். ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

வாசித்து முடித்துத் தொலைபேசியைத் திருப்பித் தந்தான்.

"இவை எடுக்கச் சொன்னது இந்த இருபத்தொராம் ஆண்டுப் பந்தியையோ?"

"ஓம்."

"எடுத்தா, அந்த வருசம் அந்தாள் ஏன் விளையாடேல்லை எண்டு ஆரும் கேட்டால் என்ன சொல்லுவினம்? பயிற்சிக்கு வரேல்லை எண்டோ?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பெரிய வெள்ளியன்று, கோயில் வாசலில். ஆண்டவர் மன்னிப்பார்.

"எடுக்காதை அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

11 மே

குமுதினி அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்: நான் எதையும் மாற்றப்போவதில்லை, அந்தப் பக்கங்களுக்கு வேறு ஏதாவது போடுங்கள் என்று. "சரி, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று மட்டும் பதில்.

அப்படியானால் வராது. வராவிட்டாலும் பரவாயில்லை. பொய்யாக வருவதைவிட வராமலே இருக்கட்டும்.

26 மே

ஃப்ரீடன்ரைஷ் நாற்பத்து மூன்று வயதுவரை விளையாடியிருக்கிறார். 1930 உலகக் கிண்ணத்துக்கும் போகமுடியவில்லை. அந்தத் தடவை ரியோவுக்கும் சாவோ பாவுலோவுக்கும் இடையிலான உதைபந்துச் சங்கச் சண்டை. நிறம், சங்கம், ஏதாவது ஒன்று. அவர் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்கு வயது நாற்பத்தாறு. நான் ஏன் களைக்கவேண்டும்?

14 ஜூன், சனி

நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும்.

நேற்று மலர் அச்சகத்திலிருந்து ஐந்நூறு பிரதி வந்திருக்கிறது. சண்முகராசா அண்ணை புரட்டிப் பார்த்திருக்கிறார். நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து நாற்பத்து நாலாம் பக்கம்வரை – என் கட்டுரை. முழுக்க. ஒரு எழுத்து மாறாமல்.

குமுதினி அக்கா! எனக்குக்கூடச் சொல்லவில்லை. தலைவர் தொலைபேசியில் ஏசியபோது, "ஆசிரியர் எண்டு என்ர பேரைத்தானே போட்டிருக்கிறியள்? ஆசிரியர் செய்யிற வேலையைச் செய்தனான்" என்றாராம்.

இன்று காலை செயற்குழுவை அண்ணை தன் கடையின் பின்னறைக்கு அவசரமாகக் கூப்பிட்டார். அருள்நேசனும் போனார். எதற்கு என்று அவருக்கும் தெரியாது. பன்னிரண்டு மணிக்குத் திரும்பி வந்து, சப்பாத்தைக் கழற்றாமல், நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து நின்றார்.

"பிளேட் தந்தவை, பெனிற்றா."

"என்ன பிளேட்?"

"மலரில இருந்து உன்ர நாலு பக்கத்தையும் வெட்டி எடுக்க. ஏழு பேர் இருந்து வெட்டினம். 'உங்கட மனுசியின்ரைதானே, நீங்களே தொடங்குங்கோ' எண்டு சண்முகராசா என்ர கையில தந்தார்."

நான் அடுப்பை அணைத்தேன்.

"ஒண்டு வெட்டினனான். பொய் சொல்ல மாட்டன். ஒண்டு வெட்டினனான். மேல அந்தத் துவாய்க் கதை இருந்தது. கண் அதில போட்டுது. நிண்டபடி வாசிச்சன். அவர் கடைசியா மைதானத்துக்கு வாறது... பிறகு ஏலாமல் போச்சு."

இத்தனை மாதமும் அவர் அதை வாசிக்கவே இல்லை. வாசித்தால் ஏதாவது செய்யவேண்டி வரும் என்று பயந்திருக்கிறார்.

பிளேட்டை மேசையில் வைத்துவிட்டு எல்லோருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறார்: "போன வருசக் கூட்டக் குறிப்பில நான் எழுதினது பொய். சுஜீத் ஒரு பயிற்சியும் தவறவிடேல்லை. அதைத் திருத்துங்கோ, இல்லாட்டி நான் செயலாளர் இல்லை." வெட்டும் சத்தம் மட்டும் கேட்டதாம். கழகக் கதவுத் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

மழைச்சட்டைக்குள் இருந்து ஒரு பிரதியை எடுத்து மேசையில் வைத்தார். வெட்டாதது.

இரண்டு பேரும் நின்றபடியே அழுதோம். பிறகு நான்தான் அவருக்குச் சோறு போட்டேன்.

15 ஜூன், ஞாயிறு

விளையாட்டு விழா. "இண்டைக்குப் போகத்தான் வேணுமோ?" என்று அருள்நேசன் கேட்டார். "இண்டைக்குப் போகாமல் எண்டைக்குப் போறது?" என்றேன். சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு போனேன்.

மலர் கொடுத்தார்கள். நாற்பதுக்குப் பிறகு நாற்பத்தைந்து. நடுவில் வெட்டிய விளிம்பு பல்லுப் போன ஈறு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அதோடு பொருளடக்கத்தில் தலைப்பை வெட்ட மறந்துவிட்டார்கள்! "பக்கம் 41: கோல் அடித்த மனிதர் – பெனிற்றா அருள்நேசன்."

ஆட்டத்தை யார் பார்த்தார்கள்? எல்லோரும் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். முதலில் ஒரு பெண் வந்தாள். "அக்கா, உந்த நாலு பக்கத்திலையும் என்ன இருந்தது?" சொன்னேன். பிறகு இரண்டு பேர். பிறகு ஒரு கூட்டம். தேநீர்க் கூடாரத்தடியில் நின்று எட்டுத் தடவை சொன்னேன். பல், துவாய், 1919, கண்ணாடிப் பெட்டி, 1921 – ஒன்றையும் விடவில்லை. குரல் கட்டிவிட்டது.

எட்டாவது தடவையில் வைத்தியநாதன் ஐயா, எழுபது வயதைத் தாண்டியவர், கழகத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், கையைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப பிள்ளை, அவரை விட்டிட்டுப் போன அந்த வருசம் கிண்ணம் ஆருக்கு?"

"ஆர்ஜென்ரினாவுக்கு, ஐயா."

அவர் திரும்பி, பத்தடி தள்ளி நின்ற சண்முகராசா அண்ணையைப் பார்த்து உரத்த குரலில் கேட்டார்: "போன வருசம் பாரிசில நாங்கள் எத்தினையாம் இடம்?"

கூடாரம் முழுக்கச் சிரித்தது. அண்ணை சிரிக்கவில்லை. வயதான மாதிரித் தெரிந்தார். எனக்கு ஒரு கணம் மாம்பழப் பெட்டி நினைவு வந்தது. ஒரு கணம்தான்.

17 ஜூன்

அண்ணை நேரடியாகச் சுஜீத்துக்கே எடுத்திருக்கிறார். பாரிஸ் அணியில் இடம் இருக்கிறதாம். சுஜீத் சொன்னானாம்: "நன்றி அண்ணை. நான் பயிற்சிக்கு வாறேல்லை எண்டு உங்கட குறிப்பில கிடக்குது. முதல் அதை மாத்துங்கோ."

22 ஜூன்

மாற்றவில்லை. அணி அறிவித்தாயிற்று. அவன் இல்லை. ஆனால் இந்தத் தடவை வேறு ஐந்து பேரும் இல்லை. தாங்களாகவே பெயரை எடுத்துவிட்டார்கள். அதில் ஒருவன் சண்முகராசா அண்ணையின் தமக்கை மகன்.

குமுதினி அக்கா கட்டுரையை வட்சப்பில் விட்டிருக்கிறார். கனடாவிலிருந்து யாரோ திட்டி எழுதியிருக்கிறார்கள். நோர்வேயிலிருந்து யாரோ கோல் கணக்குப் பிழை, ஆயிரத்து முந்நூறுதான் என்று எழுதியிருக்கிறார்கள். திட்டியவருக்குப் பதில் போடவில்லை. நோர்வேக்காரருக்கு ஒரு பக்கம் எழுதினேன்.

6 ஜூலை, ஞாயிறு

கழகம் பாரிசில். நாங்கள் கவுன்சில் மைதானத்தில், மழையில்.

புது அணிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. விலகிவந்த ஆறு பேர், சுஜீத்தின் வேலையிடத்து இரண்டு போலந்துக்காரர், மிச்சம் பிடித்த பிடியில் வந்தவர்கள். பிளேஸ்டோவிலிருந்து வந்த தமிழ் அணியோடு முதல் ஆட்டம். நாலுக்கு இரண்டு, தோற்றோம். அந்த இரண்டும் சுஜீத் அடித்தது. இரண்டாவது, பின்னால் சரிந்தபடி, இடது காலால். தொண்டை கிழியக் கத்தினேன். அடுத்த ஞாயிறும் ஆடுகிறோம்.

எழுதவேண்டியது வேறு ஒன்று. அருள்நேசன் எல்லைக்கோட்டில் தண்ணீர்ப் போத்தல்களோடு நின்றார். நான் நாலு அடி பின்னால், குடைக்குள். சூரிச்சிலும் சரி லண்டனிலும் சரி, வெளியாட்களிடம் சுஜீத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் "எங்கட பெடியன்", "தெரிஞ்ச பெடியன்" என்றுதான் இவர் சொல்லிவந்திருக்கிறார். பதினாறு வருடம். நான் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பார்.

பிளேஸ்டோ அணிக்காரர் ஒருவர், நாங்கள் முன்னே பின்னே கண்டிராதவர், பக்கத்தில் வந்து நின்று கேட்டார்.

"அண்ணை, உந்தப் பத்தாம் நம்பர் ஆர்? நல்ல அடி அடிக்கிறான்."

"என்ர மச்சான்" என்றார் அருள்நேசன்.

மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லைப்போல. "ஆர்?" என்றார் திரும்பவும்.

அருள்நேசன் போத்தல்களைக் கீழே வைத்தார்.

"என்ர மச்சான். என்ர மனுசியின்ர சொந்தத் தம்பி."